கைப்பிடியை இழுத்தால் மேசை ஆடுகிறதா? வீட்டு ரீலோடிங் மேசையின் கோளாறுகளும் சரிசெய்யும் வழியும்

சுட்ட தோட்டாவின் காலிக் கூட்டில் புது பிரைமர் (மருந்தைப் பற்றவைக்கும் சின்ன மூடி), வெடிமருந்து, குண்டு வைத்து மறுபடி தோட்டாவாக்குவதுதான் ரீலோடிங். கராஜில் டூ பை ஃபோர் மரச்சட்டமும் பிளைவுட்டும் வாங்கிப் போட்டு நாமே அடித்த மேசையில் அதைச் செய்கிறோம். ஏதாவது தப்பாகப் போனால் முதலில் கூட்டை அளவுக்குக் கொண்டுவரும் அச்சான டை மேல் சந்தேகம் வரும், அப்புறம் கைப்பிடியை இழுத்தால் கூட்டை டைக்குள் தள்ளும் பிரஸ் மேல், அப்புறம் தராசு மேல். ஹூஸ்டன் பக்கம் வீடு வாங்கி, கராஜ் மூலையில் என் முதல் மேசையைப் போட்டபோது நானும் ஆறு மாதம் அப்படித்தான் அலைந்தேன். டையை மாற்றினேன், பிரஸ்ஸைக் கழற்றித் துடைத்து மாட்டினேன். கடைசியில் பார்த்தால் கோளாறு முழுக்க மேசையில் இருந்தது.

மேசை ஆடினால் என்ன, கொஞ்சம் சத்தம் வரும், அவ்வளவுதானே என்று நினைக்கலாம். அப்படி இல்லை. பிரைமர் அதன் குழிக்குள் ஒழுங்காக உட்கார்ந்ததா என்பது கண்ணுக்குத் தெரிவதற்கு முன்னால் உள்ளங்கைக்குத் தெரியும். கூடு டைக்குள் சாய்ந்து போகிறதா, கழுத்து நசுங்கப்போகிறதா என்பதும் அப்படித்தான். மேசை அரை அங்குலம் ஆடினால் அந்தச் சின்ன உணர்வெல்லாம் அந்த ஆட்டத்தில் கரைந்துவிடும், கை எதையும் சொல்லாது. அதனால்தான் விலை உயர்ந்த பிரஸ்ஸை விட ஆடாத மேசை முக்கியம் என்கிறேன். ஆடாத மேசையைக் குறைந்த காசிலேயே செய்ய முடியும்.

தொடங்குவதற்கு முன் ஒன்று. இது அமெரிக்காவில் இருப்பவர்களுக்கு எழுதியது. இங்கே சொந்த உபயோகத்துக்கு ரீலோடிங் செய்ய மத்திய அரசின் உரிமம் தேவையில்லை, விற்பதாக இருந்தால் தேவை. மாநிலத்துக்கு மாநிலம், ஊருக்கு ஊர் கூடுதல் விதிகள் உண்டு, உங்கள் ஊரில் கேட்டுக்கொள்ளுங்கள். இந்தியாவில் 1959 ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது குற்றம், எனவே ஊரில் இருப்பவர்கள் இதை ஒரு தச்சு வேலைக் குறிப்பாக மட்டும் படியுங்கள். எவ்வளவு மருந்து போட வேண்டும் என்ற கணக்கு எதுவும் இதில் கிடையாது. அது அச்சிட்ட கையேட்டைப் பார்த்துச் செய்ய வேண்டியது, யாரோ எழுதியதைப் படித்துச் செய்யக்கூடாது.

முதலில் டம்ளர் சோதனை

மருந்து, பிரைமர் எல்லாவற்றையும் மேசையை விட்டு அப்புறப்படுத்துங்கள். ஒரு எவர்சில்வர் டம்ளரில் விளிம்புக்கு ஒரு விரல் கீழே வரை தண்ணீர் ஊற்றி மேசை நடுவில் வையுங்கள். பிரஸ்ஸில் ஒரு காலிக் கூட்டை வைத்து, எப்போதும் போல சைஸ் செய்யுங்கள், அதாவது டைக்குள் தள்ளிப் பழைய அளவுக்குக் கொண்டுவாருங்கள். ரைபிள் கூடாக, 308 அல்லது 30-06 மாதிரி பெரியதாக இருந்தால் நல்லது, கைத்துப்பாக்கியின் 9 மி.மீ. கூட்டுக்கு அவ்வளவு பலம் தேவைப்படாது, கோளாறும் வெளியே வராது. இன்னொருவரைக் கைப்பிடி இழுக்கச் சொல்லிவிட்டு நீங்கள் குனிந்து தண்ணீரைப் பாருங்கள். என் மச்சான் இழுத்தான், நான் பார்த்தேன்.

தண்ணீர் இடவலமாகவோ முன்பின்னாகவோ மெதுவாக அலைந்தால் கால்சட்டம் முழுவதும் சாய்கிறது. தண்ணீர் மேல் சின்னச் சின்ன வளையங்கள் வந்தால் மேற்பலகை வளைந்து திரும்புகிறது. டம்ளரே ஒரு பக்கமாகச் சரிந்து, கைப்பிடியை விட்டதும் டக்கென்று சத்தம் கேட்டால் மேசையின் கால் தரையை விட்டு எழும்புகிறது. மூன்றும் ஒன்றாகவும் வரலாம், எனக்கு முதல் நாள் மூன்றும் வந்தன.

மேசை முழுவதும் பக்கவாட்டில் சாய்கிறது

நான்கு காலும் நான்கு குறுக்குச்சட்டமும் மட்டும் வைத்து அடித்த மேசை எவ்வளவு கனமான மரமாக இருந்தாலும் சாயத்தான் செய்யும். செவ்வகத்துக்கு அதன் மூலைகளைத் தவிர வேறு பலம் கிடையாது, மூலையில் இரண்டு ஸ்க்ரூதான் இருக்கிறது, இழுக்க இழுக்கச் செவ்வகம் இணைகரமாகிவிடும். பலர் இதற்கு இன்னும் நாலு ஸ்க்ரூ போடுவார்கள். ஒரு வாரம் நிற்கும், அப்புறம் பழைய கதைதான்.

தீர்வு முக்கோணம், அல்லது முழுப் பலகை. பின்பக்கம் இரண்டு கால்களுக்கு நடுவில் அரை அங்குல பிளைவுட் பலகையை, ஓரம் முழுக்க ஆறு அங்குலத்துக்கு ஒரு ஸ்க்ரூ வீதம் அடித்துவிட்டால் இடவல ஆட்டம் அன்றே நின்றுவிடும். இரண்டு பக்கவாட்டிலும் அதே போல் சின்னப் பலகை அடித்தால் முன்பின் ஆட்டமும் போய்விடும். அடிப்பதற்கு முன்னால் மூலைவிட்டம் இரண்டையும் டேப்பால் அளந்து பாருங்கள், இரண்டும் ஒரே அளவு வர வேண்டும். வராவிட்டால் கோணலாகவே இறுகிப் போகும், பிறகு திருத்த முடியாது.

இந்த இடத்தில் ஸ்க்ரூவைப் பற்றியும் சொல்ல வேண்டும். வீட்டில் மிச்சம் கிடக்கும் கறுப்பு ட்ரைவால் ஸ்க்ரூவை இதற்குப் போடாதீர்கள். அது ஜிப்சம் பலகையைப் பிடித்து வைக்கச் செய்தது, உடைகிற ரகம். பக்கவாட்டில் பலம் விழுந்தால் வளையாது, தலை சட்டென்று முறியும். என் முதல் மேசையைப் பிரித்தபோது பதினோரு தலைகள் தனியாகக் கையில் வந்தன. கட்டுமான ஸ்க்ரூ என்றே தனியாக விற்கிறது, ஒரு பெட்டி வாங்குங்கள், கூட ஆகும் செலவு அதிகம் இல்லை.

சொந்த வீடு என்றால் இதை விட எளிய வழி, பின்சட்டத்தைச் சுவரோடு சேர்த்து முடுக்குவது. ஜிப்சம் பலகைக்குப் பின்னால் இருக்கும் சுவர்ச்சட்டத்தில் ஸ்க்ரூ இறங்க வேண்டும், வெறும் ஜிப்சத்தில் அடித்தால் மேசையோடு சுவரும் கையில் வந்துவிடும். சட்டங்கள் பெரும்பாலும் மையத்திலிருந்து மையம் 16 அங்குலத்துக்கு ஒன்றாக இருக்கும், சில வீடுகளில் 24. கண்டுபிடிக்கக் கருவி எதுவும் வேண்டாம், ஒரு பலமான காந்தத்தைச் சுவரில் மெல்ல நகர்த்துங்கள். ஜிப்சத்தைப் பிடித்திருக்கும் ஸ்க்ரூ வந்த இடத்தில் அது ஒட்டிக்கொள்ளும், அதற்கு நேர் மேலும் கீழும் இன்னும் இரண்டு இடத்தில் ஒட்டினால் அதுதான் சட்டம்.

கைப்பிடியைக் கீழே இழுக்கும்போது பின்கால் எழும்புகிறது

இது ஏன் நடக்கிறது என்று புரிந்துகொண்டால் பாதி மேசைப் பிரச்சினை தீர்ந்துவிடும். ராம், அதாவது பிரஸ்ஸில் மேலும் கீழும் போகும் தண்டு, கூட்டை டைக்குள் தள்ளும் பெரிய பலம் இருக்கிறதே, அது பிரஸ்ஸின் இரும்புச் சட்டத்துக்குள்ளேயே சுற்றி முடிந்துவிடும், மேசைக்கு வருவதே இல்லை. மேசைக்கு வருவது உங்கள் கை போடும் பலம் மட்டும். ஆனால் அந்தக் கை மேசை ஓரத்துக்கு வெளியே, ஒரு அடிக்கும் மேல் தள்ளி இருக்கிறது. ஏற்றம் இறைக்கும் துலா மாதிரி, முன்கால் ஆதாரமாகி, முன்னால் அழுத்தினால் பின்னால் தூக்கும். கைப்பிடியைத் திரும்ப மேலே தள்ளும்போது, கழுத்தை விரிக்கும் குமிழ் கூட்டுக்குள் இறுக்கினால், இதே கதை தலைகீழாக நடந்து முன்பக்கம் எழும்பும்.

அதனால் முதலில் பார்க்க வேண்டியது மேற்பலகை முன்காலைத் தாண்டி எவ்வளவு நீட்டிக்கொண்டிருக்கிறது என்பதை. சாப்பாட்டு மேசை மாதிரி அழகுக்காக ஆறு அங்குலம் நீட்டி விட்டிருப்பார்கள். ரீலோடிங் மேசையில் முன்கால் பலகையின் முன்விளிம்புக்குச் சரியாக வர வேண்டும், நீட்டல் கூடக் கூட மேசை கவிழப் பார்க்கும். நீட்டிய பலகையை அறுக்க மனம் வராவிட்டால் காலை முன்னுக்கு நகர்த்துங்கள்.

வாடகை வீட்டில் இருப்பவர்கள், சுவரில் துளை போட முடியாதவர்கள், கீழ்த்தட்டில் எடை ஏற்றுங்கள். பின்கால் பக்கமாக இரண்டு மணல் மூட்டை வைத்தால் போதும், ஒரு மூட்டை 50 பவுண்டு விளையாட்டு மணல் எந்த வீட்டுச் சாமான் கடையிலும் மிக மலிவு. குண்டுப் பெட்டிகளையும் அதே தட்டில் பின்னால் தள்ளி வைக்கலாம், ஈயம் எப்படியும் கனம்தான்.

பலகை வளைகிறது, பிரஸ் தலையாட்டுகிறது

மேசை அசையாமல் நிற்கும், பிரஸ் மட்டும் முன்னால் குனிந்து நிமிரும். பெரும்பாலும் பிரஸ்ஸை இரண்டு கால்களுக்கு நட்ட நடுவில், பார்ப்பதற்கு லட்சணமாக மாட்டியிருப்பார்கள். பலகைக்கு அதுதான் மிகப் பலவீனமான இடம். ஒரு கால் பக்கமாக, அதாவது காலுக்கு நேர் மேலே அல்லது அதை ஒட்டி நகர்த்திப் பாருங்கள், காசு செலவில்லாமல் பாதி வளைவு போய்விடும்.

போகாவிட்டால் பலகையின் தடிமனைக் கூட்ட வேண்டும். இதில் ஒரு கணக்கு இருக்கிறது, தெரிந்துகொண்டால் பணம் மிச்சம். ஒரு பலகையின் தடிமன் இரண்டு மடங்கானால் அதன் விறைப்பு இரண்டு மடங்கு ஆகாது, எட்டு மடங்கு ஆகும். ஆனால் இரண்டு 3/4 அங்குல பிளைவுட்டை ஒன்றன்மேல் ஒன்றாகச் சும்மா அடுக்கினால் இரண்டு மடங்குதான் கிடைக்கும், ஏனென்றால் வளையும்போது ஒன்றின் மேல் ஒன்று வழுக்கும். நடுவில் மரப்பசை முழுப் பரப்பிலும் தடவி, ஸ்க்ரூ போட்டு இறுக்கி, ஒரு நாள் காயவிட்டால்தான் அவை ஒரே பலகையாகி அந்த எட்டு மடங்கு கிடைக்கும். ஒரு புட்டி பசை செய்யும் வேலை இது. நான் முதல் முறை அடுக்க மட்டும் செய்தேன், ஒரு முழு பிளைவுட் தாளின் காசு பலனில்லாமல் போனது.

பழைய கதவை மேற்பலகையாகப் போடும் பழக்கம் உண்டு, நல்ல யோசனைதான், ஆனால் உள்ளே முழுக்க மரம் உள்ள கதவாக இருக்க வேண்டும். படுக்கையறைக் கதவுகள் பல உள்ளே வெறும் அட்டைக் கூடு. தட்டினால் டம் டம் என்று சத்தம் வரும். அதில் போல்ட்டை முடுக்கினால் வாஷர் கதவுக்குள் புதைந்துகொண்டே போகும்.

பிரஸ் போல்ட் அடிக்கடி தளர்கிறது

எந்தப் போல்ட் முதலில் தளர்கிறது என்று கவனியுங்கள். பின்பக்கப் போல்ட்தான் தளரும். மேலே சொன்ன அதே துலா, பிரஸ் முன்விளிம்பில் ஊன்றிக்கொண்டு பின்போல்ட்டைப் பிடுங்கப் பார்க்கிறது. அங்கே மேலிருந்து மரத்துக்குள் முடுக்கும் பெரிய ஸ்க்ரூவைப் போட்டிருந்தால், ஒவ்வொரு இழுப்பிலும் மரத்தில் வெட்டிய மரை கொஞ்சம் கொஞ்சமாக அரைபடும், முடிவில் சும்மா சுற்றும்.

பலகையைத் துளைத்து மறுபக்கம் வரும் போல்ட் போடுங்கள், பிரஸ்ஸின் துளை எந்தக் கனத்தைக் கேட்கிறதோ அந்தக் கனம். அடியில் சின்ன வாஷர் போதாது, மரத்தில் புதைந்துவிடும். அகலமான வாஷர், அதை விட நல்லது ஒரு இரும்புப் பட்டை, எல்லாப் போல்ட்டும் அதன் வழியே வரும்படி. நட் நைலான் வளையம் உள்ளதாக இருந்தால் அதிர்வில் கழலாது. மரத்தூளை அழுத்திச் செய்த எம்.டி.எஃப் பலகையில் மாட்டியிருந்தால் எத்தனை முறை இறுக்கினாலும் பலகை தூளாகிக்கொண்டே வரும், அந்த இடத்தில் மட்டுமாவது அடியில் கெட்டி மரத் துண்டு ஒன்றைப் பசையோடு பொருத்துங்கள்.

துளை போடும் முன் மேசைக்கு அடியில் தலையை விட்டுப் பாருங்கள். முன்போல்ட் பல சமயம் சரியாக முன்சட்டத்தின் மேல் வந்து இறங்கும், நட் போட இடம் இருக்காது. இன்னொன்று, ஓ வடிவ பிரஸ்களில் ராமும் அதன் கீழ்மூட்டும் மேசை மட்டத்துக்குக் கீழே இறங்கி வரும். பிரஸ்ஸை ஓரத்திலிருந்து உள்ளே தள்ளி மாட்டினால் அது பலகையில் இடித்து நிற்கும், கைப்பிடி முழுச் சுற்று வராது. கைப்பிடி பாதியில் நிற்கிறதே என்று பிரஸ்ஸைக் குறை சொல்வதற்கு முன் இதைப் பாருங்கள்.

மேசை கொஞ்சமும் ஆடவில்லை, போல்ட் இறுக்கமாக இருக்கிறது, ஆனாலும் கைப்பிடி கல்லு மாதிரி இறுகுகிறது என்றால் அது மேசைக் கோளாறு இல்லை. ரைபிள் கூட்டின் மேல் தடவிய எண்ணெய் போதவில்லை. அங்கே பலம் காட்டாதீர்கள், கூடு டைக்குள் சிக்கி அடிவிளிம்பு பிய்ந்து வரும்.

இரண்டு மாதம் கழித்து திடீரென்று ஆட ஆரம்பிக்கிறது

கடையில் வாங்கிய டூ பை ஃபோர் உலர்ந்தது என்று முத்திரை குத்தியிருந்தாலும் ஈரப்பதம் 19 சதவீதம் வரை இருக்கலாம். வீட்டுக்குள் வந்து காயும்போது சுருங்கும், சிலது முறுக்கும். சுருங்கியதும் நீங்கள் இறுக்கிய போல்ட் எல்லாம் தானாகத் தளர்ந்ததாக ஆகிவிடும். முதல் மாத முடிவில் ஒரு முறை, மூன்றாம் மாதம் ஒரு முறை எல்லாவற்றையும் ஸ்பேனரால் இறுக்கினால் சரி. வாங்கும்போதே சட்டத்தை ஒரு நுனியில் கண்ணை வைத்துப் பார்த்து, நேராக இருப்பதை எடுங்கள். பெயர்தான் டூ பை ஃபோர், உண்மையில் 1.5 அங்குலத்துக்கு 3.5, அளவு போடும்போது இதை மறந்தால் எதுவும் பொருந்தாது.

ஒரு கால் மட்டும் தரையில் படவில்லை

கராஜ் தரை மட்டமாக இருக்காது. தண்ணீர் வெளியே ஓடுவதற்காகக் கதவுப் பக்கம் சரித்துத்தான் போடுவார்கள். காலை அறுத்துச் சரிசெய்யத் தொடங்கினால் மாறி மாறி அறுத்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான். ரசமட்டத்தை மேசை மேல் வைத்துக்கொண்டு, தாழ்ந்த காலுக்கு அடியில் ஆப்பு வைத்து, மட்டம் வந்ததும் ஆப்பைக் காலோடு ஸ்க்ரூவால் பிடித்துவிடுங்கள்.

தராசு ஒரு முறை ஒன்று காட்டுகிறது, மறுமுறை வேறு காட்டுகிறது

இங்கே எடையை கிரெயின் கணக்கில் பார்க்கிறோம், ஒரு பவுண்டுக்கு 7000 கிரெயின். வீட்டுத் தராசு 0.1 கிரெயின் வரை காட்டும். கிராமில் சொன்னால் அது சுமார் 6.5 மில்லிகிராம், ஒரு அரிசி மணியில் மூன்றில் ஒரு பங்கு அளவு. அவ்வளவு நுண்ணியதை அளக்கும் கருவிக்கு ஏசி காற்று ஒரு புயல். தராசு அலைந்தால் முதலில் ஏசியையும் மின்விசிறியையும் நிறுத்துங்கள். மின்னணுத் தராசு என்றால் போட்டு அரை மணி நேரம் சூடேறவிடுங்கள், செல்போனைத் தள்ளி வையுங்கள், பழைய குழல் விளக்கு பக்கத்தில் எரிந்தால் அணைத்துப் பாருங்கள்.

இதெல்லாம் செய்தும் அலைந்தால் தராசு எங்கே நிற்கிறது என்று பாருங்கள். பிரஸ் இருக்கும் அதே பலகையில் தராசை வைத்தால் ஒவ்வொரு இழுப்பும் அதற்குப் போய்ச் சேரும். சுவரில் தனியாக ஒரு சின்னத் தட்டு அடித்து, கண் மட்டத்தில், அதில் தராசை வையுங்கள். வைத்த பிறகு, எடை தெரிந்த சோதனைக் கல்லைப் போட்டுப் பார்த்துவிட்டே வேலையைத் தொடங்குங்கள். மருந்தை அளந்து கொட்டும் கருவிக்கும் இதே நியாயம்தான், அதிர்வில் மருந்து உள்ளே நெருங்கி அடங்கும், ஒவ்வொரு கொட்டலுக்கும் எடை மாறும். அதையும் பிரஸ்ஸிலிருந்து தள்ளி மாட்டுங்கள்.

மருந்தும் பிரைமரும் இடுக்கில் போய்ச் சேர்கின்றன

பல சட்டங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மேற்பலகை செய்தவர்களுக்கு இது நிச்சயம் வரும். மரம் காய்ந்ததும் இடைவெளி விழும், சிந்திய மருந்தெல்லாம் அதற்குள் இறங்கும், எடுக்க முடியாது. மேலே ஒரே தாளாக 1/8 அங்குல ஹார்டுபோர்டு போட்டு மூடுங்கள், பின்னும் பக்கமும் சின்ன விளிம்பு அடித்தால் பிரைமர் உருண்டு போகாது. சிந்தியதை மென்மையான தூரிகையாலும் முறத்தாலும் வாருங்கள். வேக்குவம் கிளீனர் வேண்டவே வேண்டாம், அதன் மோட்டார் பொறியில் மருந்துத் தூள் பற்றிக்கொள்ளலாம். கீழே கம்பளம் விரித்த அறையும் வேண்டாம், நிலைமின்சாரம் வரும், விழுந்த பிரைமரும் கிடைக்காது.

மேசை எங்கே நிற்கிறது என்பதும் இதோடு சேர்ந்தது. பல கராஜ்களில் எரிவாயு வாட்டர் ஹீட்டர் இருக்கும், அதற்குள் சுடர் இருக்கும். அதன் பக்கத்தில் மேசையைப் போட்டிருந்தால் மற்ற எதையும் சரிசெய்வதற்கு முன் இடத்தை மாற்றுங்கள். வீட்டில் வைக்கும் மருந்துக்கு அமெரிக்கத் தீப்பாதுகாப்புச் சங்கத்தின் என்எஃப்பிஏ 495 விதி சாதாரணமாகச் சொல்லும் அளவு, அதன் சொந்த டப்பாவிலேயே 20 பவுண்டு, பிரைமர் 10,000. உங்கள் ஊர் விதி இதை விடக் குறைவாக இருக்கலாம். இரும்பு லாக்கரில் இறுக்கிப் பூட்டுவது பாதுகாப்பு என்று தோன்றும், உண்மை நேர் எதிர், திறந்த வெளியில் எரிந்து போகும் மருந்து அடைபட்டால் வெடிக்கும். மேசை மேல் ஒரு நேரத்தில் ஒரே ஒரு மருந்து டப்பாதான் இருக்க வேண்டும். சாப்பாடு, காபி எதுவும் வேண்டாம், பிரைமரிலும் கூட்டின் கரியிலும் ஈயம் இருக்கிறது, எழுந்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் குழந்தையைத் தூக்க வேண்டும்.

கூட்டுக்குள் பார்த்தால் இருட்டு

இதை யாரும் மேசைக் கோளாறாக நினைப்பதில்லை, நான் நினைக்கிறேன். கராஜில் விளக்கு நடுக்கூரையில் இருக்கும், மேசை சுவரோரம் இருக்கும், நீங்கள் நடுவில் நிற்பீர்கள், உங்கள் நிழலே கூடுகளின் மேல் விழும். மருந்து கொட்டிய கூடுகளைத் துளை போட்ட கட்டையில் வரிசையாக நிறுத்தி, குண்டு வைப்பதற்கு முன் உள்ளே மட்டம் பார்ப்பது தவிர்க்கக்கூடாத வேலை. இரண்டு முறை கொட்டியது துப்பாக்கியை உடைக்கும், கொட்டாமல் விட்டது குண்டைக் குழாயின் நடுவில் சிக்க வைக்கும்.

மேசைக்கு மேலே இருக்கும் தட்டின் அடிப்பக்கத்தில், முன்விளிம்பை ஒட்டி ஒரு எல்இடி பட்டையை ஒட்டினேன். வெளிச்சம் உங்களுக்கு முன்னாலிருந்து நேராகக் கீழே விழ வேண்டும். ஒட்டிய அன்று ராத்திரி ஐம்பது 9 மி.மீ. கூடுகள் கட்டையில் நின்றன, பழைய வெளிச்சத்தில் ஒரு முறை பார்த்து சரி என்று விட்டிருந்தேன். பட்டையைப் போட்டதும் நாற்பத்தொன்பது வாயிலும் சாம்பல் நிறம் ஒரே மட்டத்தில் தெரிந்தது, நான்காவது வரிசையில் ஒன்றில் மட்டும் அடியில் பித்தளை பளபளத்தது. ஐம்பதையும் டப்பாவில் திருப்பிக் கொட்டிவிட்டு, முதல் கூட்டிலிருந்து மறுபடி தொடங்கினேன்.